லண்டனில் வாங்கினால் லண்டன் அம்மன் ஆகிவிடுமா?

கேள்வி: இருபது வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன். புது வீட்டில் பூஜை அறை பெரிதாக அமைந்துவிட்டது. மூன்று சிலைகள் கொண்டுவர ஆசை. ஒன்று, லண்டன் ஏல நிறுவனம் ஒன்றின் பட்டியலில் பார்த்த 14 அங்குல வெண்கல அம்மன். 'தென்னிந்தியா, 17-ஆம் நூற்றாண்டு. தனியார் ஆங்கிலேயத் தொகுப்பு, 1960-களில் பெறப்பட்டது' என்று போட்டிருக்கிறார்கள். மதிப்பீடு 6,000 முதல் 9,000 பவுண்டு. லண்டனிலிருந்து வருவதால் பிரிட்டன் பொருள் என்றே கஸ்டம்ஸ் தாளில் எழுதிவிடலாம் என்கிறார் அனுப்பும் ஏஜென்ட். இரண்டு, கும்பகோணம் பக்கம் தாத்தா வீட்டுப் பூஜையில் இருக்கும் தவழும் கிருஷ்ணர். 150 வருடப் பழசு என்பார்கள். பெரியப்பா மகன், 'பித்தளை கைவினைப் பொருள்' என்று எழுதி கூரியரில் போட்டுவிடுகிறேன் என்கிறார். மூன்று, சுவாமிமலையில் சொல்லிச் செய்யப்போகும் இரண்டடி நடராஜர், 'ஆன்டிக் ஃபினிஷ்' வேலைப்பாடு. எதை எப்படிக் கொண்டுவருவது?

பதில்: சுவாமிமலை நடராஜர் தாராளமாக வரட்டும், பில்லில் ஒரு வார்த்தையை மட்டும் மாற்ற வேண்டும். தாத்தா வீட்டுக் கிருஷ்ணர், வயது தெரியும்வரை இருந்த இடத்தில் இருக்கட்டும். லண்டன் அம்மனுக்கு இப்போதைக்கு ஒரு பவுண்டுகூடக் கட்டாதீர்கள். இருப்பதிலேயே சிக்கலானது அதுதான், அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஏஜென்ட் சொன்ன யோசனையை முதலில் தூக்கிப் போடுங்கள். அமெரிக்கக் கஸ்டம்ஸ் தாளில் 'உற்பத்தி நாடு' என்ற கட்டத்தில் கேட்பது, பொருள் எங்கே செய்யப்பட்டது என்று. எங்கிருந்து ஏற்றினீர்கள் என்பதற்கு வேறு கட்டம் இருக்கிறது. சோழ மண்டலத்தில் வார்த்த அம்மன் லண்டனில் அறுபது வருடம் இருந்தாலும், நடுவில் நான்கு கை மாறியிருந்தாலும், உற்பத்தி நாடு இந்தியாதான்.

இதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க நீதிமன்றமே ஒரு பாடம் எழுதி வைத்திருக்கிறது. நியூயார்க் சேகரிப்பாளர் மைக்கேல் ஸ்டைன்ஹார்ட் 1991-ல் பழங்காலத் தங்கத் தட்டு ஒன்றை வாங்கினார். தட்டு இத்தாலியின் சிசிலித் தீவைச் சேர்ந்தது, விலை பத்து லட்சம் டாலருக்கு மேல். சுவிட்சர்லாந்து வழியாக வந்தது. தாளில் உற்பத்தி நாடு சுவிட்சர்லாந்து, மதிப்பு 2,50,000 டாலர் என்று எழுதப்பட்டிருந்தது. 1995-ல் பறிமுதல் செய்தார்கள். 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பறிமுதலை உறுதி செய்தது. தட்டு திருட்டுப் பொருளா என்ற பெரிய கேள்விக்குள் நீதிமன்றம் போகவே தேவைப்படவில்லை. நாட்டைப் பொய்யாக எழுதியதே போதும் என்று முடித்துவிட்டது. விவரம் தெரியாமல் வாங்கினேன் என்ற வாதமும் எடுபடவில்லை. உங்கள் ஏஜென்ட் 'சிக்கல் இருக்காது' என்று சொல்லும் அதே கட்டத்தில்தான் அந்தத் தட்டு பறிபோனது.

சரி, இந்தியா என்றே எழுதுகிறீர்கள். அப்போது அதிகாரி என்ன பார்ப்பார்? நீங்கள் நேர்மையாகக் காசு கொடுத்தீர்களா என்பது அவருக்கு முதல் கேள்வி இல்லை. இந்தச் சிலை எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தது, எந்தத் தேதியில் இந்தியாவை விட்டு வந்தது, அதற்கு எழுத்தில் என்ன ஆதாரம் என்றுதான் பார்ப்பார். அவர் கையில் மூன்று சட்டங்கள் இருக்கின்றன.

முதலாவது, 1970-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையை நடைமுறைப்படுத்த 1983-ல் அமெரிக்கா இயற்றிய பண்பாட்டுச் சொத்துச் சட்டம். இதற்குள்ளேயே இரண்டு கண்ணிகள். ஒன்று திருட்டு: அருங்காட்சியகம், கோயில், பொது நினைவுச்சின்னம் ஆகியவற்றின் பதிவேட்டில் இருந்த பொருள், இந்தியாவைப் பொறுத்தவரை 1983 ஏப்ரலுக்குப் பிறகு திருடப்பட்டிருந்தால், அமெரிக்காவுக்குள் வரவே கூடாது. மற்றொன்று, நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தம். 2024 ஜூலை 26 அன்று டெல்லியில் இந்தியாவும் அமெரிக்காவும் பண்பாட்டுச் சொத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இப்படிப்பட்ட ஒப்பந்தத்தின் கீழ் எந்தெந்த இனப் பொருட்களுக்குக் கட்டுப்பாடு என்ற பட்டியலை அமெரிக்க அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் வெளியிடுவார்கள். ஏலத்தில் கை தூக்குவதற்கு முன், அன்றைய தேதியில் அமலில் உள்ள பட்டியலைக் கஸ்டம்ஸ் புரோக்கரைப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டியலில் உள்ள இனம் என்றால் அது திருட்டுப் பொருள் என்று அரசு நிரூபிக்க வேண்டியதில்லை. முறையாக வந்தது என்று காட்ட வேண்டியவர் நீங்கள்.

காட்டுவதற்கு மூன்று வாசல்கள். இந்திய அரசின் ஏற்றுமதி அனுமதி முதலாவது, தனியாருக்கு அது கிடைக்காது. பட்டியல் அமலுக்கு வந்த தேதிக்கு முன்பே பொருள் இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டது என்பதற்கான ஆதாரம் இரண்டாவது. மூன்றாவது: பொருள் அமெரிக்காவுக்குள் நுழையும் நாளுக்குக் குறைந்தது பத்து வருடம் முன்பே இந்தியாவை விட்டு வந்திருக்க வேண்டும், கூடவே நீங்கள் அதை வாங்க ஒப்பந்தம் செய்தது நுழையும் நாளுக்கு ஒரு வருடத்துக்குள் இருக்க வேண்டும். இதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். வாங்கி, லண்டனில் மச்சினன் வீட்டில் இரண்டு வருடம் வைத்துவிட்டு, ஊருக்கு வரும்போது கொண்டுவரலாம் என்று நினைத்தால் அந்த மூன்றாவது வாசல் சாத்திக்கொள்ளும். பின்னிரண்டு வாசல்களுக்கும் நீங்கள் உறுதிமொழி கொடுத்து எழுத வேண்டும், விற்றவரும் ஏற்றுமதித் தேதி பற்றி எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்தைப் பணம் கட்டுவதற்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிய பிறகு ஏல நிறுவனத்துக்கு உங்கள் கடிதத்துக்குப் பதில் போட நேரம் இருக்காது.

இரண்டாவது சட்டம், திருட்டுச் சொத்து பற்றிய அமெரிக்க மத்தியச் சட்டம். 5,000 டாலர், அதற்கு மேல் மதிப்புள்ள திருட்டுப் பொருளைத் தெரிந்தே நாட்டுக்குள் கொண்டுவந்தால் குற்றம். உங்கள் அம்மன் குறைந்தபட்ச மதிப்பீட்டிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிட்டாள். இதில் 1983 என்ற கோடு கிடையாது. 1958-ல் திருடியதும் திருட்டுதான். மூன்றாவது, சட்டவிரோதமாக இறக்கப்பட்ட எந்தச் சரக்கையும் பறிமுதல் செய்யும் கஸ்டம்ஸ் சட்டம். முதல் சட்டத்தில், விவரம் தெரியாமல் வாங்கியவருக்கு விலையைத் திருப்பித் தந்தால்தான் பறிமுதல் என்று ஒரு சின்ன நிழல் இருக்கிறது. இந்த மூன்றாவதில் அந்த நிழலும் இல்லை. அரசு வழக்கறிஞர்களுக்குப் பிடித்தமானது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு நுணுக்கம், வக்கீல்களிலேயே பாதிப் பேர் குழப்பிக்கொள்வது. ஒரு நாட்டின் ஏற்றுமதித் தடையை மீறி வந்தது என்பதற்காக மட்டும் ஒரு பொருள் அமெரிக்காவில் திருட்டுப் பொருள் ஆகிவிடாது. யாருக்கோ சொந்தமானதை எடுத்து வந்திருக்க வேண்டும். கோயில் சிலைக்கு அந்த 'யாரோ' யார் என்றால், தெய்வமே. நம் சட்டத்தில் பிரதிஷ்டை ஆன மூர்த்தி சொத்து வைத்திருக்கத் தகுதியுள்ள ஓர் ஆள். அர்ச்சகரோ அறங்காவலரோ தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. இதை லண்டன் நீதிமன்றமே கேட்டு ஏற்றிருக்கிறது. தஞ்சாவூர்ப் பகுதியின் பத்தூரில் 1976-ல் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த நடராஜரை, பம்பர் என்ற கனடா நிறுவனம் 1982-ல் 2,50,000 பவுண்டுக்கு வாங்கியது. கொடுத்த வாங்கல் வரலாறு, அதாவது சிலை யார் யாரிடமிருந்து கை மாறி வந்தது என்ற விவரம், பொய் என்று பிறகு தெரிந்தது. லண்டன் போலீஸ் சிலையைக் கைப்பற்ற, வழக்கில் பத்தூர்க் கோயிலும் ஒரு தரப்பாக நின்று ஜெயித்தது. 1991-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. வாங்கிய நிறுவனம் ஏமாந்துதான் வாங்கியிருந்தது. இருந்தும் சிலை போனது போனதுதான்.

இப்போது உங்கள் ஏலப் பட்டியல் வாசகத்தைப் பிரித்துப் பார்ப்போம். 'தனியார் ஆங்கிலேயத் தொகுப்பு, 1960-களில் பெறப்பட்டது.' பெயர் இல்லை, தேதி இல்லை, எங்கே பெறப்பட்டது என்பதும் இல்லை. இந்தத் தொழிலில் 1972 என்பது ஒரு மந்திர எண். இந்தியாவின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் அந்த வருடத்தியது, அதனால் போலி வாங்கல் வரலாறு எழுதுகிறவர்கள் எல்லாரும் அதற்கு முந்தின ஒரு வருடத்தைத்தான் போடுவார்கள். ஆனால் 1947-லேயே தொல்பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. 1960-களில் நூறு வருடப் பழஞ்சிலையை வெளியே எடுத்துப் போனவருக்கும் உரிமம் வேண்டும். ஆகவே '1960-களில்' என்று சொல்பவரிடம் கேட்க வேண்டிய அடுத்த வரி, 'உரிமத்தின் நகல் எங்கே?'

மந்திர எண் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஒருவர் போதும். நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூரிடமிருந்து ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. இந்தியாவை விட்டு 1972-க்கு முன்பே வந்துவிட்டதாகக் காகிதங்கள் காட்டின. சிலையோ 2006 வாக்கில்தான் ஊர்க் கோயிலிலிருந்து போயிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டுக் கோயில்களில் பல பத்தாண்டுகளாக எடுத்துவைத்த புகைப்படங்கள்தான் இந்த மாதிரிக் கதைகளை உடைத்தன. 2014 செப்டம்பரில் நடராஜர் திரும்பி வந்தார். கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் பத்து வருடச் சிறைத் தண்டனை விதித்தது, அது பக்கத்து ஊரான சுத்தமல்லிக் கோயில் வழக்கில். அவர் விவகாரத்தில் அமெரிக்க விசாரணை 2007-ல் சூடுபிடித்த காரணமும் ஒரு கஸ்டம்ஸ் வாசகம்தான்: ஏழு பெட்டிகள், அவற்றின் மேல் 'மார்பிள் தோட்ட மேசை' என்று எழுதியிருந்தது.

ஏல நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். முன்பு யார் யாரிடம் இருந்தது, ஒவ்வொருவருக்கும் எந்தத் தேதியில் போனது, எந்தக் கப்பல் ரசீது, காப்பீட்டுப் பட்டியல், கடிதம், தேதியிட்ட புகைப்படம் அதைக் காட்டுகிறது, பிரிட்டனிலிருந்து வெளியே அனுப்ப ஏற்றுமதி உரிமம் தேவையா, பின்னால் திருட்டு என்று உரிமை கோரல் வந்தால் முழுப் பணமும் திரும்புமா. இவ்வளவும் எழுத்தில் வர வேண்டும். தொலைபேசியில் சொல்வது கணக்கில் வராது. 'விற்பவரின் தனியுரிமை' என்று பதில் வந்தால் பெயரை மறைத்தாவது ஆவணங்களைக் காட்டச் சொல்லுங்கள். அதற்கும் மழுப்பினால் அந்த ஏலத்தை மறந்துவிடலாம். திருட்டுக் கலைப்பொருள் தரவுத்தளமான ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டரில் தேடிவிட்டோம் என்று ஒரு சான்றிதழ் அனுப்புவார்கள். அது புகார் பதிவானவற்றை மட்டுமே தேடும். பூட்டிக் கிடக்கும் கிராமத்துக் கோயிலில் களவு போனதே வருடக்கணக்கில் தெரியாமல் இருப்பது நம் ஊரில் சாதாரணம். தெரியாத திருட்டு எந்தத் தரவுத்தளத்திலும் இருக்காது.

காகிதத்தோடு சிலையையும் பாருங்கள். அடிப்பக்கம் உட்பட எல்லாப் பக்கமும் பெரிய அளவுப் படம் கேளுங்கள். பீடத்தில் கம்பு நுழைக்கும் துளையோ வளையமோ இருந்தால் அவள் வீதியுலா போன உற்சவ அம்மன். வீதியுலா போன அம்மன் பெரும்பாலும் எந்த வீட்டுச் சொத்தாகவும் இருந்திருக்க மாட்டாள், ஒரு கோயிலின் சொத்து. மூக்கும் முலையும் முழங்காலும் தேய்ந்து வழவழத்திருந்தால் நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகம் கண்டவள். மாறாக, விரல் இடுக்கிலும் ஆடை மடிப்பிலும் கெட்டியான பச்சைக் களிம்பும் மண்ணும் ஏறியிருந்தால் பூமிக்கடியில் கிடந்தவள். இந்தியாவில் அப்படிக் கிடைத்த புதையலை 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரிடம் தெரிவித்திருக்க வேண்டும். பீடத்தின் விளிம்பில் எழுத்து இருக்க வேண்டிய இடம் மட்டும் அரம் போட்டு மழித்தது போலப் பளபளத்தால், பாதத்துக்குக் கீழே அறுத்த தடம் புதிதாக இருந்தால், கோயில் பதிவு எண் கீறிய மிச்சம் தெரிந்தால், படத்தோடு பக்கத்தை மூடிவிடுங்கள். அந்தப் படங்களைப் பிரெஞ்சு நிறுவனத் தொகுப்போடும், தமிழகக் காவல்துறையின் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு தேடுவதாக வெளியிட்டுள்ள படங்களோடும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கலை வரலாற்று நிபுணருக்குப் பணம் கொடுப்பது, ஏலக் கமிஷனைவிட மலிவு.

இவ்வளவையும் தாண்டி அம்மன் தேறினால், வாங்குங்கள். கூரியர் கம்பெனியின் பொதுப் புரோக்கரிடம் விடாமல், கலைப்பொருள் நுழைவு பழகிய கஸ்டம்ஸ் புரோக்கரை நீங்களே அமர்த்துங்கள். நூறு வருடம் தாண்டிய பொருள் கஸ்டம்ஸ் வரிப் பட்டியலில் 9706 என்ற தலைப்பில் போகும், வழக்கமான வரி இல்லை. அந்த வரியில்லாத் தலைப்பே 'இது பழம்பொருள்' என்று நீங்கள் கொடுக்கும் வாக்குமூலம் என்பதை மறக்க வேண்டாம். வரியை மிச்சம் பிடிக்கத் தாளில் 17-ஆம் நூற்றாண்டு, மற்ற இடத்தில் 'அலங்காரப் பொம்மை' என்று இரண்டு வாய் பேசினால் மாட்டிக்கொள்வீர்கள். சுத்தியல் விலை (ஏலத்தில் முடிந்த விலை), கமிஷன் இரண்டையும் தனித்தனியாகக் காட்டும் அசல் பில், பட்டியல் பக்கம், வாங்கல் வரலாற்று ஆவணங்கள் எல்லாம் சரக்குக்கு முன்னால் புரோக்கர் கையில் இருக்கட்டும்.

தடுத்து நிறுத்தினால்? முதலில் வருவது நிறுத்திவைப்பு அறிவிப்பு. ஏன் நிறுத்தினோம், எதைக் கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்று அதிலேயே இருக்கும். ஒப்பந்தப் பட்டியல் காரணமாக நிறுத்தியிருந்தால் ஆவணம் தர 90 நாள், தக்க காரணம் காட்டினால் கூடுதல் அவகாசம். பறிமுதல் அறிவிப்பாக மாறினால், அது தபாலில் போட்ட தேதியிலிருந்து 30 நாளுக்குள் நிவாரண மனு கொடுக்க வேண்டும். கையில் கிடைத்த தேதியிலிருந்து எண்ணுகிறவர்கள் ஒரு வாரம் இழக்கிறார்கள். வீடு மாறி பழைய முகவரிக்குக் கடிதம் போனவர்கள் எல்லாவற்றையும் இழக்கிறார்கள், ஆகவே புரோக்கரிடம் சரியான முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். மனு வேண்டாம், நீதிமன்றமே பார்க்கட்டும் என்றால் உரிமைக் கோரிக்கையோடு பிணைத்தொகை கட்ட வேண்டும்: 5,000 டாலர் அல்லது மதிப்பில் பத்து சதவீதம், இரண்டில் குறைவானது, ஆனால் 250-க்குக் குறையாமல். 9,000 பவுண்டுச் சிலைக்கு வக்கீல் கட்டணம் சிலை விலையைத் தாண்டிவிடும் என்பதால் பலர் அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிடுகிறார்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஒப்படைப்புத் தாளில் கையெழுத்திடுவதற்கு முன் விற்றவரிடம் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையை மட்டும் வக்கீலைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். அறிவிப்பு வந்த பிறகு லண்டனிலிருந்து 'பழைய கடிதம் ஒன்று கிடைத்தது' என்று யாராவது ஒரு தாள் அனுப்பினால் அதை ஆராயாமல் தாக்கல் செய்யாதீர்கள். மத்திய விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தால், வக்கீல் வந்த பிறகு பேசுகிறேன் என்று சொல்லலாம். பொய் மட்டும் சொல்லக் கூடாது, அது தனிக் குற்றம்.

ஒரு முறை உள்ளே வந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்றும் இல்லை. திருடனிடமிருந்து வந்த உரிமை எத்தனை கை மாறினாலும் அமெரிக்காவில் உரிமை ஆவதில்லை. மன்ஹாட்டன் மாவட்ட வழக்கறிஞர் அலுவலகத்தின் தொல்பொருள் கடத்தல் பிரிவு 2024 நவம்பரில் மட்டும் 1,440 பொருட்களை இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுத்தது. அவற்றில் பல, வருடக்கணக்கில் அமெரிக்காவிலேயே இருந்தவை.

இனி தாத்தா வீட்டுக் கிருஷ்ணர். இவர் குடும்பச் சொத்து, திருட்டுப் பேச்சே இல்லை. ஆனால் இந்தியச் சட்டத்தில் நூறு வருடம் ஆன சிலை, விளக்கு, கலைப்பொருள் எதுவும் தொல்பொருள். ஓலைச்சுவடி போன்ற கையெழுத்துப் பிரதிக்கு 75 வருடமே போதும். தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும் அது அனுமதித்த அமைப்புக்கும் மட்டுமே. சொந்த வீட்டுச் சாமி, பூஜைக்குத்தான் என்பதெல்லாம் விதிவிலக்கு ஆகாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத, மூன்று வருடம்வரை சிறை, அபராதம் வேறு. கூரியரில் அனுப்புநர் என்று ஆதார் நகலோடு கையெழுத்துப் போடுவது உங்கள் அண்ணன். மாட்டினால் அங்கே போலீஸ் தேடுவது அவரை. இந்தப் பக்கம் 'பித்தளை கைவினைப் பொருள்' என்ற பொய் வாசகத்தால் பொருளும் போகும், உங்கள் பெயரும் பதிவாகும்.

அதனால் முதல் வேலை, உண்மையான வயதைக் கண்டுபிடிப்பது. '150 வருடம்' என்பது குடும்பப் பேச்சு. வீட்டுச் சிலைகளில் நிறைய, தாத்தா கல்யாணத்தின்போது கும்பகோணம் பாத்திரக் கடையில் வாங்கியவையாக இருக்கும். இந்தியத் தொல்லியல் துறையின் வட்ட அலுவலகத்தில் (சென்னையில் கோட்டைக்குள் இருக்கிறது, திருச்சிக்கும் தனி வட்டம் உண்டு) தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். எல்லாப் பக்கத்துப் புகைப்படமும், உயரம் எடை அளவும், அடையாளச் சான்றும், சிலையும் நேரில் வர வேண்டும். நிபுணர் குழு பார்க்கும் நாள் எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம். ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்பதில் தொல்லியல் துறையின் முடிவே இறுதியானது, விமான நிலையத்தில் வாதாடிப் பயனில்லை. சான்றிதழ் கிடைத்தால் அதன் முத்திரையிட்ட புகைப்படத்தோடு கைப்பையிலேயே கொண்டுவரலாம். பரிசோதனையில் பெட்டியைத் திறக்கச் சொன்னால் கையில் எடுத்துக் கொடுக்கும் தாள் அதுதான்.

நூறு தாண்டியவர் என்று முடிவானால் அவர் ஊரில்தான் இருப்பார். பழைய உலோகச் சிற்பங்கள் பதிவு செய்ய வேண்டிய இனத்தில் வருவதால், தொல்பொருள் பதிவு அலுவலரிடம் அண்ணன் பெயரிலோ பெரியப்பா பெயரிலோ பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். பின்னால் கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். நாளைக்குத் திருடு போனாலும் தேடிப் பிடிக்க அந்தப் பதிவும் படமும் உதவும். உங்களுக்கு அவரைப் பார்த்தே ஒரு பிரதி வார்த்துத் தர சுவாமிமலையில் ஆள் இருக்கிறார்கள்.

மூன்றாவது நடராஜர். இதில் தடங்கல் வருவது எல்லாம் 'ஆன்டிக்' என்ற சொல்லால். ஸ்தபதி மொழியில் அது பழசு போல நிறம் ஏற்றிய புது வேலை. கஸ்டம்ஸ் மொழியில் நூறு வருடப் பொருள். சென்னையில் ஏற்றும்போதே ஒரு நிறுத்தம், இங்கே இறங்கும்போது ஒரு நிறுத்தம் நிச்சயம். பில்லில் அந்தச் சொல்லே வேண்டாம். 'புதிதாக வார்க்கப்பட்ட ஐம்பொன் சிலை, செயற்கை நிறமேற்றியது' என்று எழுதச் சொல்லுங்கள். செய்தவர் பெயர், பட்டறை முகவரி, வார்த்த மாதம் வருடம், திருவாசி உட்பட உயரம், எடை, உண்மை விலை எல்லாம் வர வேண்டும். முடிந்தால் பீடத்தின் பின்புறம் வருடத்தைக் கொத்தச் சொல்லுங்கள். மெழுகு உருப்படியாக இருந்தபோது ஒன்று, களிமண் கவசம் பூசியதும் ஒன்று, கவசம் உடைத்து எடுத்ததும் ஒன்று, இப்படி மூன்று படம் ஸ்தபதியின் கைபேசியில் எடுத்து வாங்கி வையுங்கள். மெழுகில் இருக்கும் நடராஜரின் படத்தைப் பார்த்த பிறகு எந்த அதிகாரியும் இது சோழர் காலத்தது என்று சொல்ல மாட்டார். இவ்வளவு நன்றாகப் பழமை காட்டும் வேலைக்கு, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழையும் ஊரிலேயே வாங்கிவிடுவது நல்லது. புதுச் சிலை 9706-ல் போகாது. உலோகச் சிலைகளுக்கான 8306-ல், ஸ்தபதியின் அசல் கலைப்படைப்பு என்று நிறுவ முடிந்தால் 9703-ல் போகும். ஏற்றும் வாரத்தில் இந்தியப் பொருளுக்கு என்ன கூடுதல் வரி என்பதைப் புரோக்கரிடம் கேளுங்கள்.

இரண்டடி நடராஜர் கனமாக இருப்பார், மரப்பெட்டியில்தான் வருவார். அந்த மரம் சூடேற்றிப் பதப்படுத்தியது என்பதற்கான சர்வதேச முத்திரை பலகையில் பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிறம் ஏற வேண்டும் என்று சில பட்டறைகளில் சிலையைக் கொஞ்ச நாள் மண்ணில் புதைத்து எடுப்பதுண்டு. வெளிநாட்டு மண்ணை அமெரிக்க வேளாண் சோதகர்கள் விடுவதில்லை. பீடத்தின் உட்குழிவு, திருவாசிச் சுடர்களின் இடுக்கு, முயலகனின் முதுகுக்கடி ஆகிய இடங்களில் தூரிகை போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே பெட்டியை மூடச் சொல்லுங்கள்.